ஓட்டுப் போட வந்தவருக்கு நான் வைத்த பரீட்சை

தேர்தல் பணிக்கான ஆணை கைக்கு வந்த அன்று நீங்கள் எல்லாரும் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எந்த டாக்டர் முதுகுவலி என்று எழுதித் தருவார், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று விசாரித்திருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். என் முதுகில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அந்த டாக்டர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு தேர்தலையும் நான் விடவில்லை.

முதல் முறையாக வாக்குச்சாவடிக்குப் போகிறோம், நாலு வார்த்தை சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்டீர்கள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நான் இரண்டு மணி நேரம் பேசுவேன், நீங்கள் போனைப் பார்ப்பீர்கள், எனக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

இயந்திரத்தை எப்படி இணைப்பது, எந்த உறைக்குள் எந்தப் படிவத்தை வைப்பது என்பதையெல்லாம் இங்கே தேடாதீர்கள். அதைப் பயிற்சி வகுப்பில் மூன்று தடவை சொல்வார்கள், நீங்கள் மூன்று தடவையும் மறப்பீர்கள், கடைசியில் கூட இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்லப்போவது என் முட்டாள்தனத்தைப் பற்றி. அதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவள் நான். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் டெஸ்ட் டீச்சர். திங்கட்கிழமை ஒரு டெஸ்ட், வெள்ளிக்கிழமை ஒரு டெஸ்ட், மழை பெய்து பாதிப் பேர் வராவிட்டால் வந்த பாதிக்கு ஒரு டெஸ்ட். எதிரில் ஒரு ஆள் வந்து நின்றால் உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்குக் கை அரிக்கும். இது வாத்தியார்களுக்கே உள்ள வியாதி, உங்களுக்கும் சீக்கிரம் வரும்.

அந்த வியாதியோடு எனக்கு ஒரு கொள்கையும் இருந்தது. ஓட்டுப் போடுகிறவர்களுக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்பதுதான் அது. ஸ்கூட்டர் ஓட்ட வேண்டுமென்றால் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். நாட்டை யார் ஓட்டுவது என்று முடிவு செய்கிறவர் மட்டும் எதையும் போட்டுக் காட்ட வேண்டாமா? ஆசிரியர் அறையில் தேநீர் வரும்போதெல்லாம் இதைச் சொல்வேன். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு.

சும்மா பேசியதோடு நிற்கவில்லை. ஒரு கேள்வித்தாளே தயாரித்தேன். பத்துக் கேள்விகள். உங்கள் தொகுதியின் பெயர் என்ன, அதில் போட்டியிடுகிறவர்கள் யார் யார், சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் என்ன வேறுபாடு என்பது மாதிரி. எட்டுக்கு மேல் மதிப்பெண் எடுத்தால் இரண்டு ஓட்டு. நாலிலிருந்து எட்டு வரை எடுத்தால் ஒன்று. அதற்கும் கீழே போனால் அரை ஓட்டு. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் கே.கே. நகரில் எங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அதை நீட்டுகிறேன். வேட்பாளர்தான் எழுத வேண்டும், பக்கத்தில் நிற்கிறவர் சொல்லித் தரக்கூடாது. போன முறை இரண்டு பேர் எங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். தாள் அதேதான், எழுத வேண்டிய ஆள்தான் மாறியிருக்கிறார். ஏன் மாறினார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அது ஒரு சட்டமன்றத் தேர்தல். வாடிப்பட்டிக்கு உள்ளடங்கிய ஒரு ஊரில் எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பொறுப்பு. தொடக்கப் பள்ளிதான் வாக்குச்சாவடி. எனக்குக் கீழே மூன்று அலுவலர்கள். அதில் முதலாமவர் வேறொரு துறையில் எழுத்தராக இருந்தவர், மதுரைப் பழைய நகரத்துக்காரர். பெயரைப் போட்டால் என்னோடு சண்டைக்கு வருவார். அன்றைக்கு எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வயதில் எனக்கு ஒன்றிரண்டு மூத்தவர். தேர்தல் வேலையில் அவர் பார்க்காதது எதுவும் இல்லை.

முந்தின நாள் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு வேனில் போகும்போது பாயிடம் என் கேள்வித்தாளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"டீச்சர், அரை ஓட்டுக்காரவங்களுக்கு மை எப்படி வைக்கிறது? அரை நகத்துல வச்சாப் போதுமா?" என்றார்.

"கிண்டல் பண்ணாதீங்க பாய். விஷயத்துக்கு வாங்க."

"விஷயத்துக்கே வாரேன். எங்க அத்தா டெய்லரு. கடைக்கு வர்றவன் எவனுக்கும் தைக்கத் தெரியாது. தெரிஞ்சா எதுக்கு வாரான்? ஆனா 'பாய், அக்குள்ல பிடிக்குது'ன்னு சொன்னான்னா, அத்தா மறுபேச்சுப் பேசாம பிரிச்சுத் தச்சுக் கொடுத்துருவாரு. உனக்குத் தையல் தெரியுமாடான்னு ஒருத்தனையும் கேட்டதில்ல."

"அந்தச் சட்டையை அவன் மட்டும்தானே போடப் போறான்? ஓட்டுப் போடுறவங்க சொல்ற அளவுக்கு எனக்கும் சேர்த்துல்ல தைக்கிறாங்க! எனக்கு அக்குள்ல பிடிச்சா நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

பாய் சிரித்துவிட்டார். "அது நியாயம்தான் டீச்சர்" என்று தாளை மடித்துக் கொடுத்தார். எனக்குப் பரம சந்தோஷம். வேன் ஊருக்குள் நுழையும்போது பாதி நாட்டைத் திருத்திவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வெயில் ஏறியதும் வரிசை கரைந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஒரு அம்மா உள்ளே வந்தார். அறுபது வயது இருக்கலாம். வெளுத்த நீலச் சேலை, தோளில் ஒரு ரெக்சின் பை. பாய் சீட்டை வாங்கி, பட்டியலைப் பார்த்து, வழக்கம்போல கட்சி ஏஜென்ட்டுகளுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். "பஞ்சவர்ணம்."

ஏஜென்ட்டுகளில் ஒருவன் செல்வம். உள்ளூர்ப் பையன், என்ஜினியரிங் படித்தவன், முப்பது வயது. காலையிலிருந்து "டீச்சர், டீச்சர்" என்று அவ்வளவு மரியாதையாக இருந்தான், எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அவன் எழுந்து நின்றான்.

"ஆட்சேபணை டீச்சர். இது பஞ்சவர்ணம் இல்ல. பஞ்சவர்ணம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய் வருசக்கணக்கா ஆச்சு. இது அதோட தங்கச்சி. செக்கானூரணிப் பக்கம் கட்டிக் கொடுத்தது."

உங்களுக்கும் இது நடக்கும். வந்திருக்கிறவர் பட்டியலில் உள்ள ஆள் இல்லை என்று ஏஜென்ட் சொன்னால், தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். நான் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த படம் என் தங்கச்சி என்றாலும் நம்பலாம், அப்படி மங்கிப்போயிருந்தது. பெரிய நீதிபதி மாதிரி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பேரு?"

"பஞ்சவர்ணம் டீச்சர்."

"வீட்டுக்காரர் பேரு?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். உதட்டில் ஒரு மாதிரிச் சிரிப்பு. இன்னொரு தடவை கேட்டேன். சேலைத் தலைப்பை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாரே தவிர பேசவில்லை.

புருஷன் பெயரைக்கூட மனப்பாடம் பண்ணாமல் கள்ள ஓட்டுப் போட வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் பெயரை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சமையலறையிலிருந்தே கத்திக் கூப்பிடுகிறவள். கட்டினவர் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அங்கேயே நிறுத்தியிருந்தால்கூட என் தப்பு சின்னதாக இருந்திருக்கும். எனக்குத்தான் கை அரிக்குமே.

"இது என்ன எலெக்ஷன்னு தெரியுமா?"

"ஓட்டுப் போடுற எலெக்ஷன் டீச்சர்."

"எந்தத் தொகுதி?"

அந்த அம்மா தோளில் கிடந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை பேர் நிக்கிறாங்க? யாராவது ஒருத்தர் பேரு சொல்லுங்க பார்ப்போம்."

அந்த அம்மாவின் கண் அங்குமிங்கும் ஓடியது. நாலாம் வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பீர்களே, தெரிந்த பதிலும் மறந்துபோகிற முகம். அதை ஆயிரம் தடவை பார்த்தவள் நான். அன்றைக்குப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"ஒண்ணுமே தெரியாம எதுக்கும்மா இங்க வந்தீங்க?"

"போடணும்ல டீச்சர்..." என்றார் மெதுவாக.

"யாரு கூட்டிட்டு வந்தாங்களோ அவங்ககிட்டயே போங்க. எங்க நேரத்தைக் கெடுக்காதீங்க."

"யாரும் கூட்டியாரல டீச்சர். நானாத்தான் பஸ் ஏறி வந்தேன்."

"போங்கன்னா போங்களேன்!"

அந்த அம்மா அட்டையையும் சீட்டையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. சரிசெய்யக்கூட நிற்கவில்லை. வாசலுக்குப் போய்த் திரும்பி, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். விரட்டிய என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்.

பாய் பட்டியலில் ஸ்கேலை வைத்து நிமிராமலே கேட்டார்.

"டீச்சர், பாஸ் மார்க் எம்புட்டு வச்சிருக்கீங்க?"

"என்ன பாய்?"

"அவங்க யாருன்னு விசாரிக்கச் சொல்லித்தான் புஸ்தகத்துல இருக்கு. அவங்களுக்கு என்ன தெரியும்னு விசாரிக்கச் சொல்லி நான் எங்கயும் படிச்சதில்ல. அதான் கேட்டேன்."

எனக்குச் சுரீர் என்றது. முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாரே என்ற கோபம். கையேட்டை வேகமாகப் புரட்டினேன், அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காக. அந்தப் பக்கம் கிடைத்தது. ஆட்சேபணை செய்கிறவர்தான் நிரூபிக்க வேண்டுமாம். அவர் நிரூபிக்காவிட்டால் ஓட்டுப் போட விட வேண்டுமாம். நான் தலைகீழாக நடத்தியிருக்கிறேன். குற்றம் சொன்னவனை உட்கார வைத்துவிட்டு, வந்தவளைக் கையைக் கட்டி நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்பது என் வேலை, நிரூபிப்பது எதிரில் நிற்கிறவர் வேலை என்று முப்பது வருடம் பழகின பழக்கம்.

செல்வத்தைக் கூப்பிட்டேன். ஆட்சேபணைப் படிவத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"செல்வம், நீங்க சொன்னதை இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"வாயால சொன்னாப் போதாதா டீச்சர்? அதான் போயிருச்சே."

"போதாது. வந்தது தங்கச்சிதான்னு காட்டணும். தெரிஞ்சே பொய் சொல்லியிருந்தா உங்க மேல கேஸ் வரும்."

அவன் பேனாவை வாங்கினான். மூடியைத் திறந்தான். மறுபடி மூடினான். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் சாவடியில் யார் எதைச் சத்தமாகச் சொன்னாலும், எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிச் சத்தம் அங்கேயே இறங்கிவிடும்.

"விடுங்க டீச்சர். பஞ்சவர்ணமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"பஞ்சவர்ணம்தான்" என்றான் தரையைப் பார்த்து. "எங்களுக்குப் போடாது. அதான்... அதுகளுக்கெல்லாம் என்ன டீச்சர் தெரியும்? நீங்களே பாத்தீகள்ல, தொகுதி பேருகூடத் தெரியல. ஒண்ணும் தெரியாததுக போட்டு என்ன ஆகப்போகுது? தெரிஞ்ச நம்ம மாதிரி ஆளுக போட்டாப் போதாதா?"

நம்ம மாதிரி ஆளுக. அவன் அதைச் சேட்டையாகச் சொல்லவில்லை. என்னையும் தன் பக்கத்து ஆளாகச் சேர்த்து, ஒரு நம்பிக்கையோடு சொன்னான். ஆசிரியர் அறையில் தேநீர் டம்ளரை வைத்துக்கொண்டு நான் சொன்ன அதே பேச்சு. நான் சொன்னபோது அறிவாளித்தனமாகக் கேட்டது, இவன் வாயிலிருந்து வந்தபோது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

கேள்விகளை நான் ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தேன். விடைத்தாளை யார் திருத்துவார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. நான்தான் திருத்துவேன் என்ற நினைப்பு! ஊர் ஊருக்கு ஒரு செல்வம் உட்கார்ந்து திருத்துவான். தனக்குப் போடாதவர்கள் எல்லாரும் ஃபெயில். அவனாவது பரவாயில்லை, அவன் ஒரு கட்சியின் ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் எந்தக் கட்சியும் இல்லாமல், நல்லவள் என்று நினைத்துக்கொண்டே, ஒருத்தியை ஃபெயிலாக்கி வெளியே அனுப்பிவிட்டேன்.

"பாய், அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடணும். கூப்பிடலாமா?"

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கல, மை வைக்கல, நீங்க முடிவுன்னு ஒண்ணும் எழுதல. தாராளமாக் கூப்பிடலாம். ஆனா போயி கால் மணி நேரம் ஆச்சே."

நான் சாவடியை விட்டு நகரக்கூடாது. வாசலில் கிராம உதவியாளர் இருந்தார், ஊரில் எல்லாருக்கும் அவர் தலையாரி. விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அது திருப்பூர்ல பனியன் கம்பெனியில நூல் பிசிறு வெட்டுதுங்க டீச்சர். நாளைக்குக் காலையில வேலையில நிக்கணும்னு ரெண்டரை பஸ்ஸுக்குப் போயிருச்சு. இந்த வருசந்தான் எங்கெங்கயோ அலைஞ்சு பேரைச் சேத்துச்சு. பத்து வருசமாப் பட்டியல்ல பேரே இல்ல."

மணி இரண்டு முப்பத்தைந்து.

"அண்ணே, வண்டி இருக்கா?"

"டிவிஎஸ் இருக்கு."

"போங்கண்ணே. டீச்சர் தப்புப் பண்ணிட்டாங்க, மன்னிப்புக் கேட்டாங்கன்னு சொல்லுங்க. கேள்வி ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லுங்க. எப்படியாவது கூட்டிட்டு வாங்க!"

வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு வந்த நாலைந்து பேருக்கு எப்படி வேலை பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. பத்து வருடம் கழித்துப் பட்டியலில் ஏறிய பெயர். ஒரு நாள் வேலையை விட்டு, திருப்பூரிலிருந்து திண்டுக்கல் வழியாக பஸ் மாறி மாறி வந்த ஒருத்தி. அவளை ஐந்து கேள்வியில் திருப்பி அனுப்பிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பஸ் போயிருந்தால் போனதுதான். அடுத்த தேர்தலுக்கு யார் எங்கே இருப்பார்களோ. பாய் என்னைப் பார்த்து, "தண்ணியைக் குடிங்க டீச்சர்" என்றார். குடித்தேன்.

இருபது நிமிடம் இருக்கும். பெரிய வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் தலையாரியின் டிவிஎஸ் வந்தது. அதற்குப் பின்னால், வேப்பமரக் கிளை கூரையில் உரச, வாடிப்பட்டி போகும் டவுன் பஸ்ஸே பள்ளிக்கூடத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று தலையாரி பிறகு சொன்னார். கண்மாய்க் கரையில் பஸ்ஸை மறித்திருக்கிறார். பஞ்சவர்ணம் இறங்க மாட்டேன் என்றுவிட்டாராம். "திரும்பவும் கேள்வி கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" இறங்கினால் அடுத்த பஸ் ஐந்து மணிக்குத்தான், திருப்பூர் பஸ்ஸும் போய்விடும். அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, "ஏப்பா கண்டக்டரு, ஒரு ஓட்டு வீணாப் போகணுமா? பஸ்ஸத் திருப்பு!" என்று சத்தம் போட, பஸ்ஸே சேர்ந்து கத்தியிருக்கிறது. டிரைவரும் கண்மாய்க் கரையிலேயே ஒடித்துத் திருப்பிவிட்டார். அவரும் காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த மனுசனாம்.

பஸ்ஸைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லி, கான்ஸ்டபிள் கையை விரித்துக்கொண்டு ஓடினார். அத்தனை பேரும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பஞ்சவர்ணம் மட்டும் இறங்கி, ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். வந்தவர் என் மேசைக்கு முன்னால் நேராக நின்று, மூச்சு வாங்க, கையைக் கட்டிக்கொண்டார்.

"டீச்சர், இப்பக் கேளுங்க. பஸ்ல அம்புட்டு பேரும் சொல்லிக் கொடுத்துட்டாக. தொகுதி பேரு தெரியும். நிக்கிறவுக பதினாலு பேரு. இது சட்டசபைக்கு, டெல்லிக்கு இல்ல. கண்டக்டரு தம்பி இன்னும் என்னமோ சொல்லுச்சு..." கண்ணை மூடி யோசித்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு பஸ்ஸே டியூஷன் எடுத்திருக்கிறது!

"வேணாம்மா. அதெல்லாம் ஒண்ணும் வேணாம். கையைக் கட்டாதீங்க. உங்க பேரு மட்டும் சொல்லுங்க."

"பஞ்சவர்ணம்."

"அவ்வளவுதான்."

"வீட்டுக்காரர் பேரு வேணாமா டீச்சர்? அதுவும் சொல்லிருவேன். சித்திரையில வைகை ஆத்துல பச்சைப் பட்டுக் கட்டி எறங்குவாருல்ல, அவரு பேரு."

"அழகர்" என்றார் பாய், பட்டியலைப் பார்த்தபடி. பஞ்சவர்ணம் முகத்தை மூடிக்கொண்டு, புதுப்பெண் மாதிரிச் சிரித்தார். செல்வம்கூடச் சிரித்துவிட்டான், அப்புறம் சிரித்ததை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் உங்களை விரட்டியிருக்கக் கூடாது. என் மேல தப்பு. மன்னிச்சுக்கங்க" என்றேன். எழுந்து நின்றுதான் சொன்னேன். சாவடியில் எல்லார் முன்னாலும் தலைமை அலுவலர் தப்பை ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று உங்களுக்குச் சிலர் சொல்வார்கள். போகாது. எனக்குப் போகவில்லை.

"அட நீங்க வேற டீச்சர், பஸ்ஸு நிக்குது" என்று விரலை நீட்டினார். மை வைத்தோம். கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார். மறைப்புக்குப் பின்னால் போனார்.

போனவர் போனவர்தான். இயந்திரத்தின் பீப் சத்தம் வரவே இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு நிமிடம் ஆயிற்று. செல்வம் என் பக்கம் சாய்ந்து, "டீச்சர், எதை அமுக்கணும்னு தெரியல போல. யாராச்சும் போய்ச் சொல்லட்டுமா?" என்றான்.

"உட்காருங்க செல்வம். அவங்க எடுத்துக்கட்டும், எம்புட்டு நேரம் வேணுமோ."

கண்டக்டர் விசில் ஊதினார். கான்ஸ்டபிள் வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன், நிற்கட்டும் என்று. ஒருத்தருக்காக ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது, ஒரு சாவடியே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடைசியில் பீப் என்று அந்த நீண்ட சத்தம் வந்தது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

பஞ்சவர்ணம் வெளியே வந்தார். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருநாளும் கேட்கக்கூடாது, கேட்கவும் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா இம்புட்டு நேரம்?" என்றேன்.

அவர் வாசலில் நின்று, இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பதினாலு பேரு படமும் இருக்குல்ல டீச்சர்? அம்புட்டு பேரும் நம்மகிட்டத்தான கேட்டு வந்திருக்காக. ஒவ்வொருத்தர் மொகத்தையும் பாத்துட்டுத்தான போடணும்?"

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.